மனசுக்கு இதமான தொடராம்!

என் சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள். ஷிஃப்ட் வேலை. ராத்திரி வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, ஏதாவது ஒன்றை ஓடவிட்டால்தான் தூக்கம் வரும் என்கிற ரகம். இணையத்தில் யாரோ போட்டிருந்த "மனதை அமைதிப்படுத்தும் அனிமே" பட்டியலைப் பார்த்துவிட்டு ‘முஷிஷி’ என்கிற ஜப்பானிய அனிமேஷன் தொடரைத் தொடங்கியிருக்கிறாள். மறுநாள் காலையில் எனக்கு ஒரு குறுஞ்செய்தி: "அண்ணா, இதைப் பாத்தா நிம்மதியா தூக்கம் வரும்னு எந்தப் புண்ணியவான் எழுதினது? தலகாணிய தூக்கிக் கீழ போட்டுட்டு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்." நான்காவது அத்தியாயம் வரை போயிருக்கிறாள் என்று உடனே புரிந்துவிட்டது. ஜின் என்கிற மனிதன் காணும் கனவெல்லாம் பலிக்கும் கதை அது. தொடக்கத்தில் ஊருக்கே அவன் கனவு உதவுகிறது. போகப் போகத்தான் தெரிகிறது, நடக்கப்போவதை அவன் கனவில் பார்க்கவில்லை. அவன் கனவு கண்டதால்தான் அது நடக்கிறது. அவன் தலையணைக்குள் குடியிருக்கும் ஒன்று, அவன் தூங்கும்போது வெளியே போய் அந்தக் கனவை உலகத்தில் நிகழ்த்திவிட்டுத் திரும்பிவருகிறது. குடும்பத்தை இழக்கிறான், ஊரை இழக்கிறான், கடைசியில் தூக்கத்தையே இழக்கிறான். தொடரின் நாயகன் கின்கோ கொடுத்த மருந்தும் அவனைக் காப்பாற்றவில்லை. தூக்கம் வருவதற்காக ஒருத்தி பார்க்க வேண்டிய கதையா இது?

அவள் கேட்டதைச் சிரித்துவிட்டுக் கடந்திருக்கலாம். ஆனால் எனக்கும் அந்தப் பட்டியல்கள்மேல் நெடுநாளாக ஒரு எரிச்சல் உண்டு. ‘முஷிஷி’ என்ற பெயர் எங்கே வந்தாலும் பக்கத்திலேயே இதம், அமைதி, மழை, தேநீர் என்று நான்கு வார்த்தைகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. தொடரை முழுவதும் பார்த்தவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் பொய் சொல்லவில்லை. பார்க்கும்போது உடம்பு தளர்வது உண்மைதான், எனக்கும் தளர்ந்திருக்கிறது. ஒரு குழந்தையின் கண் போவதையும் ஒரு ஊர் அழிவதையும் பார்த்துக்கொண்டே எப்படித் தளர்கிறது என்பதுதான் என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி.

தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி மட்டும். உருஷிபாரா யூகி 1999 முதல் 2008 வரை எழுதி வரைந்த மாங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை இது, பத்துத் தொகுதிகள். 2005 அக்டோபரில் நாகஹாமா ஹிரோஷியின் இயக்கத்தில், ஆர்ட்லாண்ட் ஸ்டுடியோவின் தயாரிப்பில், ஃபுஜி தொலைக்காட்சியில் பின்னிரவு நேரத்தில் அனிமேத் தொடராக வந்தது. மொத்தம் 26 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் தனிக்கதை. முஷி என்பவை பூச்சியும் இல்லை, பேயும் இல்லை. செடிகொடி, விலங்கு எல்லாவற்றுக்கும் அடியில், உயிரின் ஊற்றுக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை. முதல் அத்தியாயத்தில் கின்கோ தன் கையை நீட்டி இதை விளக்குவான். நான்கு விரல்கள் விலங்குகள், கட்டைவிரல் தாவரங்கள். மனிதன் இருப்பது நடுவிரல் நுனியில், அதாவது இதயத்திலிருந்து ஆகத் தொலைவில். விரல்களிலிருந்து உள்ளங்கைக்கு இறங்கினால் நாளங்கள் ஒன்றுசேர்கின்றன. மணிக்கட்டருகே காளான்களும் நுண்ணுயிர்களும். அதையும் தாண்டி, கை முழுக்க ஏறி, தோளைக் கடந்து, நெஞ்சுக்கு அருகே வந்தால் அங்கேதான் முஷி. ஒரு பாட்டி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிற தொனியில் அவன் இதைச் சொல்லி முடிக்கும்போது, உலகத்தின் உச்சியில் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருந்த இடம் வெறும் விரல்நுனியாகிவிட்டிருக்கும்.

கின்கோ இந்த முஷிகளைப் பற்றி அறிந்தவன், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் முஷிஷி என்று பெயர். வெள்ளை முடி, ஒரே ஒரு பச்சைக் கண், முதுகில் இழுப்பறைகள் நிறைந்த மரப்பெட்டி, வாயில் எப்போதும் புகை. ஊர் ஊராக நடக்கிறான். முஷிகள் அவனைத் தேடி வந்து மொய்க்கும் என்பதால் எங்கும் தங்க முடியாது. அந்தப் புகையும் அவற்றை விரட்டத்தான். அவ்வளவு போதும்.

அந்த அமைதி எங்கிருந்து வருகிறது?

முதலில் கைவேலை. காடு, பனி, வயல், கடலோரம் என்று ஒவ்வொரு கதைக்கும் ஒரு பருவமும் ஒரு வெளிச்சமும் இருக்கின்றன. பச்சையிலேயே எத்தனை பச்சை! மனிதர்களின் முகங்கள் ஏறக்குறைய ஒரே சாயலில், சுருக்கமான கோடுகளில் இருக்கும். கவனமெல்லாம் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் மலைமேல் குவிந்திருக்கும். இதைக் குறை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது கதையின் கருத்தாகவே படுகிறது. மசுதா தோஷியோ ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவுக்கும் தனியாக ஓர் இசையை அமைத்திருக்கிறார். வாராவாரம் ஒரே பாட்டு வந்து "சரி, முடிந்தது, எழுந்திரு" என்று சொல்லாது. இப்போது பார்த்த கதையின் மிச்சம்தான் மணியோசையாகவோ தந்தியதிர்வாகவோ கொஞ்சநேரம் ஓடும். தொடக்கப் பாடலை ஸ்காட்லாந்துப் பாடகர் ஆலி கெர் கிட்டாரோடு பாடியிருக்கிறார், நடந்து நடந்து கால் நோகும் ஒருவனின் பாட்டு. ஜப்பானிய மலைக்காட்டுக் கதைக்கு ஆங்கிலப் பாட்டா என்று முதலில் நெருடும். கேட்கக் கேட்க வேறெதுவும் பொருந்தாது என்று தோன்றிவிடும். அப்புறம் கின்கோவுக்குப் பேசிய நகானோ யூதோவின் குரல். கின்கோ பயந்தபோதும், பொய் சொல்லும்போதும், கடலோர மருத்துவர் அதாஷினோவிடம் ஏதாவது ஒரு விசித்திரப் பொருளைக் கூடுதல் விலைக்குத் தள்ளிவிடும்போதும் அதே சாவகாசமான குரல்தான்.

இதெல்லாம் சொல்லும் விதம். சொல்லப்படுவது என்ன? இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு சிறுமி வெளிச்சமே பார்க்காமல் இருட்டறையில் கிடக்கிறாள், அவள் கண்ணை ஒன்று தின்றுகொண்டிருக்கிறது. ஆறாவதில் ஒரு தீவு, அதில் தெய்வமாக உட்கார்த்திவைக்கப்பட்டிருக்கும் ஒரு பெண். ஒவ்வொரு நாளும் பிறந்து, மூத்து, மாலையில் சாகிறாள். 23-இல் ஒரு சிறுமியின் குரலால் ஊர்க்காரர்களின் கைகால்களில் துருப்போல ஒன்று படிந்து முடக்குகிறது. அதைத் தெரிந்துகொண்ட அவள் வாய் திறப்பதையே விட்டுவிடுகிறாள். 21-ஐ நான் மறுபடி பார்ப்பதற்கு ரொம்ப நாள் எடுத்துக்கொண்டேன். ஓர் இளம் தம்பதி பெற்றுச் சீராட்டி வளர்ப்பது பிள்ளைகளே இல்லை, தரைக்கடியில் இருக்கும் ஒன்றின் கிளைகள் என்று கின்கோ வந்து சொல்கிறான். சொல்வதோடு நிற்கவில்லை, கொல்லவும் வேண்டும் என்கிறான். அம்மா கத்துகிறாள். முஷிகளைக் கொல்லாமல் விடுபவன் என்று பெயரெடுத்த கின்கோ அந்த வீட்டில் யார்?

ஆக, தொடரில் ஆறுதல் குறைவு. பாதிக் கதைகளில் யாரும் முழுசாகக் குணமடைவதில்லை. ஆனாலும் நாம் பதறவில்லை என்றால் அதற்குக் காரணம், இங்கே யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை என்பதுதான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். முஷி தன் போக்கில் வாழ்கிறது, மனிதன் தன் போக்கில் வாழ்கிறான், இரண்டும் ஒரே இடத்தில் மோதிக்கொள்கின்றன. பகைவன் இல்லாததால் கோபம் இல்லை. கோபம் இல்லாததால் உடம்பு தளர்கிறது. பார்க்க அழகான விளக்கம். ஆனால் பாதிதான் சரி.

ஒரு விளைச்சலுக்கு ஒரு ஆள்

ஒன்பதாவது அத்தியாயம் அந்த விளக்கத்துக்கு அடங்காது. சுற்றுவட்டாரம் முழுக்கப் பொய்த்துப்போன வருஷத்தில் ஒரே ஒரு ஊரில் மட்டும் நெற்கதிர் தலை சாய்ந்து நிற்கிறது. அப்படிப்பட்ட வருஷங்களில் அந்த ஊரில் ஒருவருக்குக் கூடுதலாக ஒரு பல் முளைக்கும். அறுவடை முடியும், எல்லோரும் வயிறாரச் சாப்பிடுவார்கள், பல் முளைத்த அந்த ஆள் செத்துப்போவார். பல் மட்டும் வாயிலிருந்து விழும். அந்தப் பல்தான் விதை. அடுத்த பஞ்சத்துக்கு அதை மண்ணில் புதைத்தால் மறுபடி விளையும், மறுபடி ஒருவர் போவார். ஊரின் சடங்குகளை நடத்தும் மனிதர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். முன்பு ஒரு பெரும் பஞ்சத்தில் அவர் அதைப் பயன்படுத்தினார். ஊர் பிழைத்தது, போனது அவர் மனைவி.

இங்கே முஷி மேல் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது. விதையை எடுத்தது ஒரு மனிதக் கை. ஊரே செத்துப்போகட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா? யார் போவார்கள் என்று தெரியாமல் ஒருவரைப் பலிகொடுப்பது கொலையா, இல்லையா? கணக்குப் போட்டால் நியாயம் அவர் பக்கம். அந்தக் கணக்கில் கழிந்துபோன ஒன்று அவர் வீட்டு ஆள் என்பதால் அவரைத் திட்டவும் மனசு வரவில்லை. இந்த முறை அவர் வேறு முடிவு எடுத்திருக்கிறார்: போவது தானாக இருக்கட்டும். கின்கோ அதைக் கண்டுபிடிக்கிறான். அவன் கோபப்படுகிறான் என்பதே ஒரு செய்தி, அவன் குரல் உயரும் இடங்கள் தொடரில் குறைவு.

அறுவடையில் அவர் உயிர் பிரிகிறது. அப்போது கின்கோ அந்த விதையை எடுத்து அவர் வாயில் வைக்கிறான். அதைத் தின்றவருக்குச் சாவு இல்லை. முஷிஷிகள் செய்யக்கூடாது என்று விலக்கிவைத்த காரியம் அது. தெரிந்தே செய்கிறான். அந்த மனிதர் எழுந்துகொள்கிறார், பிறகு ஊர் ஊராகப் போய் விவசாயம் சொல்லிக்கொடுப்பவராக ஆகிறார். அவர் எங்கோ நடந்துகொண்டிருப்பதாகப் பேச்சு.

முதல்முறை பார்த்தபோது இதைக் கருணை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. மனைவியைக் கொன்ற விளைச்சலை மறக்க முடியாத மனிதனுக்கு, இனிச் சாகவும் முடியாது என்று ஆக்கியிருக்கிறான். உழைத்துத் தீர்க்கட்டும் என்ற தண்டனையாகவும் அதைப் படிக்கலாம். தன் கண்முன்னால் இன்னொரு உயிர் போவதைத் தாங்காத ஒருவனின் அவசரமாகவும் படிக்கலாம். தொடர் இரண்டில் எதையும் கைகாட்டவில்லை. குற்றவாளி இல்லாததால் வருகிற நிம்மதி என்று நான் வைத்திருந்த விளக்கம் இந்த வயலில் நிற்கவில்லை. இங்கே குற்றமும் இருக்கிறது, அதைச் செய்தவரும் இருக்கிறார், கின்கோவும் அதில் கை நனைத்துக்கொள்கிறான். அப்படியும் அந்தக் குரல் அடுத்த அத்தியாயத்தில் அதே சாவகாசத்தோடு திரும்பிவருகிறது. எப்படி?

குளத்தங்கரை வீடு

பதில் பன்னிரண்டாவது அத்தியாயத்தில் இருக்கிறது. பதினொரு கதைகள் வரை கின்கோ யார், எங்கிருந்து வந்தான் என்று யாரும் கேட்கவில்லை, நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டாவது கதை யோக்கி என்கிற சிறுவனோடு தொடங்குகிறது. அம்மாவோடு ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்பவன். மலைச்சரிவில் அம்மா போய்விடுகிறாள். அவனை ஒரு பெண் எடுத்து வைத்துக்கொள்கிறாள். காட்டுக்குள் ஒரு குளத்தின் கரையில் தனியாக இருப்பவள், பெயர் நுயி. வெள்ளை முடி. ஒரு பச்சைக் கண். பார்த்ததும் நமக்குத் திக்கென்கிறது. சிறுவனின் தலைமுடி கறுப்பு. இரண்டு கண்ணும் இருக்கிறது.

குளத்து மீன்கள் வெள்ளையாக, ஒற்றைக் கண்ணோடு திரிகின்றன. குளத்தில் இருக்கும் தோகோயாமி என்ற இருளும், அந்த இருளுக்குள் ஒளிரும் கின்கோ என்ற வெள்ளி முஷியும்தான் காரணம். அந்த ஒளி பட்ட உயிர் முதலில் நிறத்தையும் ஒரு கண்ணையும் இழக்கும், இரண்டாவது கண்ணும் போனால் அது இருளோடு இருளாகும். கணவனையும் பிள்ளையையும் தேடி வந்த இடத்தில் நுயி இதை அறிந்துகொண்டாள். அறிந்த பிறகும் அங்கேயே இருக்கிறாள். பையனை மட்டும் போகச் சொல்கிறாள். அவன் போகவில்லை. குழந்தைகள் அப்படித்தான், சோறு போட்ட கையை விட்டு நகராது.

அவளுடைய முறை வரும் இரவில் அவன் அங்கே இருக்கிறான். இருள் அவனையும் சூழ்கிறது. அப்போது அவள் சொல்லிக்கொடுப்பது இரண்டே விஷயங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள், அதையாவது காப்பாற்றலாம். உன் பெயர் நினைவுக்கு வந்தால் வெளியே போய்விடுவாய். வரவில்லை என்றால் ஏதாவது ஒரு பெயரை வைத்துக்கொள். அவன் இருட்டில் நடக்கிறான். யார் முகத்தையோ நினைக்கப் பார்க்கிறான், அது கரைந்துபோகிறது. பெயர் வரவில்லை. கடைசியாகக் கண்ணில் பட்ட அந்த வெள்ளி ஒளியின் பெயரைத் தனக்கு வைத்துக்கொள்கிறான்.

காட்டுக்குள் எழுந்திருக்கும்போது அவனுக்கு வெள்ளை முடி, ஒரு கண், கின்கோ என்ற பெயர். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. அம்மா இல்லை, மலைச்சரிவு இல்லை, நுயி இல்லை.

நாயகனின் பழங்கதையைச் சொல்லாத தொடர் எது? ஊர் எரியும், அம்மா சாவாள், அந்த நெருப்பு அவனுக்குள் எரிந்துகொண்டே இருக்கும், கடைசிச் சண்டையில் அது கைகொடுக்கும். இங்கேயும் அம்மா சாகிறாள், வளர்த்தவளும் போகிறாள். ஆனால் அந்தக் கதை அவனிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. பதிமூன்றாவது அத்தியாயத்தில் அவன் வழக்கம்போலப் புகையை ஊதிக்கொண்டு அடுத்த ஊருக்குள் நுழைகிறான். அவனுக்குத் தெரியாத அவன் துக்கத்தை நாம் தூக்கிக்கொண்டு பின்னால் போகிறோம். இதற்குப் பிறகு வரும் பதினான்கு கதைகளில் எந்த இடத்திலும் அவனிடம் யாரும் வந்து "நீ யோக்கி" என்று சொல்வதில்லை. இப்படி ஒரு கட்டுப்பாட்டை வாராந்திரத் தொடர் எழுதுபவர்களிடம் எதிர்பார்க்க முடியுமா? உருஷிபாரா அதைச் செய்தார், நாகஹாமா அதைத் தொடாமல் அப்படியே படமாக்கினார்.

இதைப் பார்த்த பிறகு கின்கோவின் நிதானத்தை ஞானம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பலரும் அவனைக் கிட்டத்தட்ட ஒரு சித்தரைப்போல எழுதுகிறார்கள்: பற்றற்றவன், எல்லா உயிரையும் சமமாகப் பார்ப்பவன். பற்று அறுந்தது உண்மை. ஆனால் அவன் அறுக்கவில்லை, அது அவனிடமிருந்து பிடுங்கப்பட்டது. யார்மீதாவது கோபப்பட வேண்டுமென்றால் இழந்தது என்ன என்றாவது தெரிந்திருக்க வேண்டுமே. அவன் பெயரே, அவனிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட அந்த ஒளியின் பெயர். தன் அம்மாவைப்போல வளர்த்தவளை விழுங்கியதன் பெயரைச் சொல்லித்தான் ஒவ்வொரு ஊரிலும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். நம் உடம்பைத் தளரவைக்கும் அந்தச் சாவகாசக் குரலின் விலை அது.

ஒன்பதாவது கதையை இங்கிருந்து திரும்பிப் பார்த்தால் வேறு மாதிரி ஆகிவிடுகிறது. ஒருவருக்கு எதுவும் மறக்காது, இனிச் சாவும் இல்லை. அவர் வாயில் விதையை வைத்தவனுக்கு எதுவுமே நினைவில்லை. இரண்டு பேரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களில் யார் பரவாயில்லை என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது.

எழுதி வைப்பவள்

இருபதாவது கதையில் தன்யூ வருகிறாள். பிறக்கும்போதே வலது காலில் கறுப்பு மச்சம்போல ஒன்று. உள்ளே ஒரு முஷி அடைபட்டிருக்கிறது. முஷிகளை அடக்கிய கதைகளைக் கேட்டு, அவற்றை எழுத எழுதத்தான் அந்தக் கறுப்பு மை போல இறங்கித் தாளில் எழுத்தாகும், வலியோடு. தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் வேலை. முஷிஷிகள் வந்து கொன்ற கதைகளாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவளுக்கு அலுத்துவிட்டது. கின்கோ வந்து கொல்லாமல் விட்ட கதைகளையும் சொல்கிறான், அவளுக்கு அவை பிடித்திருக்கின்றன. ஒருமுறை எழுத்துகள் தாளைவிட்டு நழுவிச் சுவரெல்லாம் ஊர்ந்து ஏறும் காட்சி வரும். அவள் பதறாமல் அவற்றை ஒவ்வொன்றாக மீட்டுத் தாளில் கொண்டுவந்து சேர்ப்பாள். கதைப்படி, அவள் எழுதிய சுருள்கள் இருக்கும் அந்த நூலகத்துக்குக் கதை கொடுப்பவன், சொந்தக் கதை ஒன்றுமே இல்லாதவன். இதை யாரும் வசனத்தில் சொல்வதில்லை. அவர்களுக்குள் காதல் என்று விசிறிகள் பேசிக்கொள்கிறார்கள், இருக்கலாம். எனக்கு அதைவிட, பன்னிரண்டாவது கதை மட்டும் அந்தச் சுருள்களில் எங்கும் இருக்க வாய்ப்பில்லை என்பதுதான் உறைக்கிறது. சொல்ல வேண்டியவனுக்கே தெரியாதே.

2006-இல் ஓட்டோமோ கத்சுஹிரோ இதை நடிகர்களை வைத்துப் படமாக எடுத்தார். ஒடகிரி ஜோ கின்கோவாக நடித்தார், வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவிலும் இருந்தது. படம் அழகுதான். ஆனால் அங்கே நுயியின் கதை கின்கோவைத் தேடி வந்து சேர்ந்துவிடுகிறது. இரண்டு மணிநேரப் படத்துக்கு ஒரு முடிச்சு தேவை, புரிகிறது. இருந்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஈடுபாடு விட்டுப்போயிற்று. அவர்கள் இருவரையும் ஒரே சட்டகத்தில் கொண்டுவந்ததும் அது மற்றக் கதைகளைப்போல ஒரு கதையாகிவிடுகிறது. 2014-இல் அதே நாகஹாமா, அதே ஸ்டுடியோ, அதே குரலோடு தொடர் திரும்பிவந்தபோது நான் முதலில் பயந்தது இதற்குத்தான்: எட்டு வருஷம் கழித்து வருகிறார்களே, ரசிகர்கள் கேட்கிறார்கள் என்று பழசைக் கிளறிவிடுவார்களோ என்று. அந்த வேலையைச் செய்யவில்லை.

சித்தி மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. குறுஞ்செய்தியில் சொல்கிற விஷயமா? தூங்குவதற்கு வேறு ஏதாவது பார், இதை ஞாயிற்றுக்கிழமை பகலில் பார், ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், வரிசை மாற்றாதே என்று மட்டும் எழுதினேன். தனித்தனிக் கதைதானே, எங்கிருந்து தொடங்கினால் என்ன என்று பலரும் சொல்வார்கள், அது சரியில்லை. பன்னிரண்டுக்கு முன்னால் அந்தப் பதினொன்றும் கட்டாயம் வேண்டும். ஒரு வாரம் கழித்து, ஒன்பது முடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாள். கூடவே ஒரு கேள்வி: "அந்தப் பெரியவர் கேக்காமலே அவர் வாயில விதைய வெச்சானே, அது நியாயமா அண்ணா?" நியாயமில்லை என்றுதான் நினைக்கிறேன் என்று பதில் போட்டேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் முன்பு ஊரைக் கேட்காமல் விதைத்தார், இவன் அவரைக் கேட்காமல் வைத்தான், கணக்கு நேர் என்கிறாள். இந்த வாதம் இன்னும் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.